"மூணு வெள்ளிக்கா வித்தாங்க, ஆன்ட்டி?": பிள்ளைகளுக்குத் திருத்தூதர் தோமாவைச் சொல்வது எப்படி

இங்கே சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை முடிந்து பிள்ளைகள் மூன்றாம் தவணைக்குப் பள்ளி திரும்பிய கையோடு ஜூலை 3 வந்துவிடும். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான திருத்தூதர் புனித தோமாவின் திருநாள். அந்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் யாராவது அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொடக்கநிலை நான்கு படிக்கிற பிள்ளைகளுக்கு, தமிழில், நாற்பத்தைந்து நிமிடத்தில். பதினெட்டு வருடமாக எங்கள் பங்குக் கோயிலில் அந்த யாராவது நான்தான். அடுத்த வருடம் என் இடத்துக்கு வரப்போகிற இளம் தாய் ஒருவர், "எப்படிச் செய்றீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார். அவருக்காக எழுத உட்கார்ந்தது இது. வீட்டில் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்கிற தாத்தா பாட்டிக்கும் உதவலாம்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. ஈசூனில் இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை. முப்பது வருடம் ரத்த மாதிரிக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிய கை இது. எந்த ரத்தம் யாருடையது என்று தெரியாவிட்டால் அந்தக் குப்பி எதற்கும் உதவாது, கீழே கொட்ட வேண்டியதுதான். அந்தப் பழக்கம்தான் பிறகு இந்த வகுப்பைக் காப்பாற்றியது.

முதல் வருடம் லேபிள் ஒட்டாமல் சொன்னேன். தோமா சந்தேகப்பட்டார், இயேசுவைத் தொட்டார், கப்பலேறி இந்தியா வந்தார், அரண்மனை கட்டினார், மயிலாப்பூரில் உயிர் விட்டார் என்று எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள், எனக்கும் பெருமை. அடுத்த ஞாயிறு ஒரு பையனின் அப்பா திருப்பலி முடிந்து வந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "டீச்சர், தோமா இந்தியா வந்தது பைபிள்ல எந்த அதிகாரம்? தேடிப் பார்த்தோம், கிடைக்கல." பையன் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. பைபிளில் அது இல்லவே இல்லை என்பதுகூட எனக்கு அன்று இரவுதான் உறுதியாகத் தெரிந்தது.

சரி, இனி செய்முறை.

முதலில் நீங்கள் படியுங்கள், ஐந்து நிமிடம் போதும்

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் பன்னிருவர் பட்டியலில் தோமாவின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் வாய் திறந்து பேசுவது யோவான் நற்செய்தியில்தான். 11-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனம். 14-இல் 5-ஆம் வசனம். 20-இல் 24 முதல் 29 வரை. 21-ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடலில் மீன் பிடிக்கப் போனவர்களோடு அவரும் போகிறார், ஆனால் பேசவில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில், மேல்மாடியில் கூடியிருந்தவர்களில் ஒருவராகப் பெயர் வருகிறது. அவ்வளவுதான். எம்ஆர்டி ரயிலில் ஈசூனிலிருந்து பீஷான் போய்ச் சேர்வதற்குள் முழுவதையும் இரண்டு முறை படித்துவிடலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரமேய மொழியில் தோமா என்றால் இரட்டைப் பிள்ளை. யோவான் சேர்த்துச் சொல்லும் 'திதிம்' என்ற கிரேக்கப் பெயருக்கும் அதே பொருள். யாரோடு இரட்டை என்று நற்செய்தி சொல்லவில்லை. ஒரு வருடம் என் வகுப்பில் நிஜமாகவே இரட்டையர் இருந்தார்கள். அக்காள்காரி உடனே கேட்டாள்: "அப்ப இன்னொருத்தர் எங்க போனாரு?" தெரியாது என்று சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், இந்த வகுப்பில் நாலைந்து முறை தேவைப்படும்.

சந்தேகத்தில் தொடங்காதீர்கள்

எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'சந்தேகக்காரர்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டே வருகிறது. நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். அதனால் நான் 11-ஆம் அதிகாரத்தில் தொடங்குவேன்.

லாசர் நோயுற்றிருக்கிறார் என்று செய்தி வருகிறது. இயேசு யோர்தானுக்கு அப்பால் இருக்கிறார். யூதேயாவுக்குத் திரும்பிப் போவோம் என்கிறார். சீடர்களுக்கு நடுக்கம்; அங்கே கொஞ்ச நாள் முன்புதான் அவரைக் கல்லால் எறியப் பார்த்தார்கள். பெத்தானியாவிலிருந்து எருசலேம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த இடத்தில் தோமாதான் மற்றவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்." பேதுருகூட இந்த இடத்தில் இதைச் சொல்லவில்லை. இதை வாசித்துவிட்டு, "இவர் பயந்தாங்கொள்ளியா?" என்று கேளுங்கள். வகுப்பு பதில் சொல்லிவிடும்.

அப்புறம் 14-ஆம் அதிகாரம். கடைசி இராவுணவு. நான் போகுமிடத்துக்கு வழி உங்களுக்குத் தெரியும் என்கிறார் இயேசு. எல்லாரும் தலையாட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள் போல. தோமா மட்டும், நீங்கள் போகிற இடமே தெரியாது, வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார். "வழியும் உண்மையும் வாழ்வும் நானே" என்ற பதில் நமக்குக் கிடைத்தது அந்தக் கேள்வியால். கணக்கு வகுப்பில் புரியாமலே 'புரிஞ்சுது டீச்சர்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த இடம் நன்றாகப் பிடிக்கும். யார் யார் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் கைகள் மெல்ல மெல்ல உயரும்.

இந்த இரண்டையும் சொன்ன பிறகு 20-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், நாற்பத்தைந்தில் பதினைந்து நிமிடம் இதற்கே போகட்டும். முதலில் 20-ஆம் வசனம். உயிர்த்த நாள் மாலை, தோமா இல்லாதபோது இயேசு வந்து, தம் கைகளையும் விலாவையும் மற்றவர்களுக்குக் காட்டினார் என்று அதிலேயே இருக்கிறது. பிறகு அதைக் கேள்விப்பட்ட தோமா, பார்த்தால்தான் நம்புவேன் என்றார். மற்றவர்கள் பார்த்ததைத்தான் அவரும் பார்க்கக் கேட்டார். கூடுதலாக எதையும் கேட்கவில்லை என்று நான் சொல்லி வந்தேன், ஒரு பெண் திருத்தினாள், "தொடணும்னும் கேட்டாரே, ஆன்ட்டி!" ஆமாம், அது கூடுதல்தான். லூக்கா 24-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்: கல்லறைக்குப் போய் வந்த பெண்கள் சொன்னதை மற்றத் திருத்தூதர்களும்தான் நம்பவில்லை. அடைமொழி ஒட்டியது இவருக்கு மட்டும்.

அடுத்தது என் செல்லக் கேள்வி. "தோமா தொட்டாரா?" வகுப்பில் எல்லாரும் 'தொட்டார்' என்பார்கள். 1600-களின் தொடக்கத்தில் கரவாஜியோ வரைந்த ஓவியத்தைக் கைப்பேசியில் காட்டுவேன். தோமாவின் விரல் காயத்துக்குள் போயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை. இப்போது 27, 28, 29 மூன்று வசனத்தையும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். இயேசு விரலை நீட்டச் சொல்கிறார். தோமா, "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்கிறார். நடுவில் தொட்டதாக யோவான் எழுதவில்லை. தொடவில்லை என்றும் எழுதவில்லை. ஒரு பையன் மூன்று முறை விரல் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "படத்த நம்பக் கூடாது ஆன்ட்டி" என்றான். தோமாவுக்கு ஏற்ற பிள்ளை.

இன்னொன்று, பெரியவர்கள் வகுப்பிலும் இதை விட மாட்டேன்: நம்பமாட்டேன் என்று சொன்ன தோமா எட்டு நாளும் அவர்களை விட்டுப் போகவில்லை. நம்பியவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. எட்டாம் நாள் கதவு மூடியிருந்த அதே வீட்டில் அவரும் இருந்தார். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு, மூன்று வருட வாசகச் சுழற்சியில் எந்த வருடமானாலும் திருச்சபை இந்தப் பகுதியைத்தான் வாசிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார், மற்றச் சீடர்களின் நம்பிக்கையைவிடத் தோமாவின் சந்தேகம் நமக்கு அதிகம் உதவியது என்ற பொருளில் ஒரு மறையுரையே ஆற்றினார்.

மூன்று நிற அட்டை

இனி லேபிள். மஞ்சள், நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் அட்டை வெட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகுப்பு கொடுங்கள். மஞ்சள் என்றால் 'நற்செய்தியில் இருக்கிறது'. நீலம் என்றால் 'பழைய கதைநூலில் இருக்கிறது'. பச்சை என்றால் 'முன்னோர் சொல்லி வந்தது'. நீங்கள் கதை சொல்லச் சொல்ல அவர்கள் அட்டையை உயர்த்த வேண்டும். ஆரம்பத்தில் தப்பும் தவறுமாகத் தூக்குவார்கள், சிரிப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் சரியாகிவிடும். நீலமும் பச்சையும் பொய் என்று பொருளில்லை, எங்கிருந்து வந்தது என்பதுதான் லேபிள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வீட்டில் போய், "பாட்டி சொன்னது பொய்யாம்" என்று ஆரம்பித்துவிடும்.

நீல அட்டை: விற்கப்பட்ட தச்சர்

மூன்றாம் நூற்றாண்டில், எதேசா நகரப் பக்கம், சிரியாக் மொழியில் 'தோமாவின் பணிகள்' என்று ஒரு நூல் எழுந்தது. திருவிவிலியத்தில் சேராதது. அதில் வருகிற கதை இது. திருத்தூதர்கள் சீட்டுப் போட்டு உலகத்தைப் பங்கிடுகிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. மாட்டேன் என்கிறார். நான் எபிரேயன், அந்த மக்களிடம் போய் எப்படிப் பேசுவேன், வேறெங்கு வேண்டுமானாலும் அனுப்பும், அங்கே மட்டும் வேண்டாம். அந்த நேரம் இந்திய அரசன் குந்தபோருக்குத் தச்சன் தேடி ஹப்பான் என்ற வணிகன் சந்தையில் நிற்கிறான். இயேசு அவனிடம் போய், என்னிடம் ஒரு தச்சன் இருக்கிறான் என்று தோமாவையே விற்றுவிடுகிறார். கிரேக்கப் பிரதியில் விலை மூன்று இராத்தல் வெள்ளி.

இங்கே கவனம். முன்பெல்லாம் நான் 'மூன்று இராத்தல் வெள்ளி' என்பேன். இராத்தல் யாருக்கும் தெரியாது, வெள்ளி எல்லாருக்கும் தெரியும்; இங்கே டாலருக்கு அதுதான் பெயர். "மூணு வெள்ளிக்கா வித்தாங்க, ஆன்ட்டி? சிக்கன் ரைஸ் கூட வராதே!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே உருண்டு புரண்டது. அன்றிலிருந்து ஒரு கிலோ சீனிப் பொட்டலம் கொண்டுபோகிறேன். மூன்று ரோமானிய இராத்தல் ஏறக்குறைய ஒரு கிலோ. காசு இல்லை, உலோகம். பொட்டலத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஒவ்வொருவரும் தூக்கிப் பார்ப்பார்கள். 'ஒரு மனுசன் இவ்ளோதானா?' என்று யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்கள்.

விற்ற பணத்தை இயேசு என்ன செய்தார்? தோமாவிடமே கொடுத்துவிட்டார். மறுநாள் காலை தோமா கப்பலுக்கு வரும்போது கையில் வேறு எதுவும் இல்லை, தன் விலை மட்டும் இருந்தது என்கிறது அந்த நூல். என் கணக்கில் நூல் முழுவதிலும் அழகான வரி அது.

அரசன் கேட்கிறான், என்ன செய்யத் தெரியும்? மரத்தில் ஏர், நுகத்தடி, துடுப்பு, பாய்மரம். கல்லில் தூண், கோயில், அரண்மனை. சரி, ஊருக்கு வெளியே இடம் இருக்கிறது, கட்டு. தோமா நாணல் குச்சியால் அங்கேயே திட்டம் வரைகிறார்: வெளிச்சத்துக்கு வாசல் கிழக்கே, காற்றுக்குச் சன்னல் மேற்கே, ரொட்டி சுடும் அறை தெற்கே, தண்ணீர் வரும் வழி வடக்கே. அரசன் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அரசன் வந்து பார்த்தால் ஒரு கல்கூட எழவில்லை. எங்கே என் அரண்மனை? இப்போது பார்க்க முடியாது, இந்த வாழ்வு முடிந்த பிறகு பார்ப்பீர்கள். தோமா சிறையில். அந்த இரவு அரசனின் தம்பி காது இறக்கிறான் (பெயரே அப்படித்தான், 'காத்' என்றும் சொல்லலாம், பிள்ளைகள் எப்படியும் சிரிப்பார்கள்). வானகத்தில் ஒரு மாளிகையைக் காண்கிறான். அதன் கீழ் அறை ஒன்றாவது வேண்டும் என்கிறான். அது உன் அண்ணனுடையது, தோமா கட்டியது என்று பதில் வருகிறது. அதை விலைக்கு வாங்கவே உயிரோடு திரும்பி வருகிறான்!

இந்த இடத்தில் கட்டம் போட்ட தாள் கொடுத்து, அந்த நான்கு திசைக் குறிப்பை வைத்து அரண்மனையை வரையச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரைபடத்தைத்தான் வரைவார்கள். ஒருத்தி சிறப்பாக, தோமாவின் அரண்மனைக்குக் குப்பைக் குழாயும் வைத்திருந்தாள்.

அந்த நூல் முழுவதையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். திருமணத்தையே வேண்டாம் என்று தள்ளுகிற போக்கு அதில் இருக்கிறது. மணவறையிலேயே மணமக்களைத் துறவுக்கு அழைக்கிற காட்சி உண்டு. நீங்கள் படித்துவிட்டு அரண்மனைக் கதையை மட்டும் எடுங்கள். ஆனால் ஒன்று சொல்லலாம்: இந்தக் குந்தபோரை வெறும் கற்பனை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. முதல் நூற்றாண்டு அரசன். அதனால் கதை முழுவதும் நடந்தது என்றாகிவிடாது. எழுதியவருக்கு அந்த அரசனின் பெயர் தெரிந்திருந்தது என்பது மட்டும் உறுதி.

பச்சை அட்டை: நம் பக்கத்துத் தோமா

கி.பி. 52-இல் கேரளக் கடற்கரையில் முசிறிப் பக்கம், இன்றைய கொடுங்கல்லூரில், தோமா வந்திறங்கினார் என்பது அங்குள்ள கிறிஸ்தவர்களின் மரபு. முசிறி என்றதும் அகநானூற்றை இழுத்துவிடுங்கள்: யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறைமுகம் என்று அந்தச் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அதாவது அந்தக் காலத்தில் அங்கே வர வழி இருந்தது. வந்தாரா என்பது பச்சை அட்டை. ஏழு திருச்சபைகளை நிறுவினார், கூடவே ஓர் அரைப்பள்ளி என்றும் சொல்வார்கள் (மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில்). அந்த அரை கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குமரிப் பக்கத்துக் குடும்பம் வகுப்பில் இருந்தால் முகம் மலர்ந்துவிடும்.

இங்கேயே ஒரு சின்ன வீட்டுப்பாடம் கொடுக்கலாம். வாம்போ பக்கம் மார் தோமா ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. 'மார்' என்பது சிரியாக் மொழியில் புனிதர்களுக்கும் ஆயர்களுக்கும் போடும் மரியாதைச் சொல். சிங்கப்பூர் வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். பள்ளியில் மலையாள நண்பர்கள் இருந்தால் அவர்கள் வீட்டில் தோமன், மாம்மன், உம்மன் என்று யாராவது உண்டா என்று கேட்டுவரச் சொல்லுங்கள். மூன்றும் தோமாதான்.

சென்னைக்கு வருவோம். சைதாப்பேட்டை சின்னமலையில் ஒரு குகை. தோமா ஒளிந்திருந்து செபித்த இடம் என்று நம்பிக்கை. பக்கத்தில் ஊற்று. போர்த்துக்கீசியர் 1551-இல் அங்கே கோயில் கட்டினார்கள். பரங்கிமலையில் 1523-இல் கட்டிய கோயிலில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் தோண்டும்போது கிடைத்தது, சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து. அந்த மலையில்தான் கி.பி. 72-இல் ஈட்டியால் குத்தப்பட்டார் என்பது மரபு. புதைத்த இடம் மயிலாப்பூர் கடற்கரை, இன்றைய சாந்தோம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ அந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். வருகிறவர்கள் அங்கிருந்து சிவந்த மண்ணை எடுத்துப்போய் நோயாளிக்குக் கொடுப்பார்களாம். இப்போது நிற்கிற வெள்ளைக் கோபுரக் கோயில் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து செபித்தார்.

யார் குத்தினார்கள்? கேட்பார்கள். மரபுக் கதைகளில் ஒரு சமூகத்தின் தலையில் பழியைப் போடுகிற வடிவம் ஒன்று உண்டு. நான் அதைச் சொல்வதில்லை. நீல நூலில், அரசன் ஆணைப்படி நான்கு படைவீரர்கள் என்று இருக்கிறது, அது போதும். ஜூலை 21 பள்ளியில் இன நல்லிணக்க நாள். பதினெட்டு நாள் முன்னால் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் முன்னோரைக் கொலைகாரர் ஆக்கி அனுப்ப எனக்கு மனம் வராது.

உடல் எங்கே என்பது அடுத்த கேள்வி. கல்லறை சாந்தோமில். எலும்புகள் வெகு காலத்துக்கு முன்பே எதேசாவுக்குப் போய்விட்டன. அது இன்று துருக்கியில் இருக்கிறது. அங்கிருந்து கியோஸ் தீவு, அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா. "செத்த பிறகும் டிராவல் பண்ணிட்டே இருந்தாரு" என்று ஒருவன் சுருக்கிச் சொன்னான்.

குடும்பத்தோடு சென்னை போகிறவர்களுக்கு: விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே சின்னமலை நிலையத்தில் இறங்கலாம். பரங்கிமலைக்குப் படியும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. முட்டிவலிக்காரர்கள் வீரம் காட்டாமல் வண்டியில் ஏறுங்கள், நூற்று முப்பதுக்கும் மேல் படிகள். சாந்தோமில் கல்லறைச் சிற்றாலயம் நிலத்தடியில், கோயிலுக்குப் பின்புறம் தனி வாசல் வழியாகப் போக வேண்டும். முன்வாசலில் நுழைந்து தேடிவிட்டு, கல்லறையைப் பார்க்காமலே திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்ச் சொற்கள்

'ஐயம்' பிள்ளைகளுக்குப் புரியாது, 'சந்தேகம்' என்று சொல்லுங்கள். 'தழும்பு' என்றதும் முழிப்பார்கள். சட்டைக் கையை ஏற்றி உங்கள் தடுப்பூசித் தழும்பைக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கும் எங்காவது ஒரு தழும்பு இருக்கும். ஒவ்வொருவரும் தன் தழும்பைத் தேடத் தொடங்குவார்கள். ஆறின காயம், ஆனாலும் அடையாளம் போகவில்லை. உயிர்த்த இயேசுவுக்கும் தழும்பு ஏன் இருந்தது என்று அப்போது கேட்டால், பெரியவர்களே யோசிக்காத பதில்கள் வரும். வேறு சபையைச் சேர்ந்த சித்தப்பா வீட்டில் 'அப்போஸ்தலர்', 'தேவன்' என்பார்களே என்று பிள்ளைகள் கேட்டால், ஆமாம், அதே ஆள்தான், அதே கடவுள்தான், பைபிள் மொழிபெயர்ப்புதான் வேறு என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

செபமாக ஒன்று

என் பாட்டி சைதாப்பேட்டைக்காரி. ரஜூலா கப்பலில் வந்தவர். ஓபிர் ரோட்டில் 1888-இல் கட்டிய லூர்து மாதா கோயிலுக்குத்தான் வாழ்நாள் முழுவதும் போனார். அந்தக் காலத்தில் பூசை இலத்தீனில். பாட்டிக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது மட்டும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "என் ஆண்டவரே, என் தேவனே" என்று தமிழில் முணுமுணுப்பார். அது தோமாவின் வாக்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பாட்டி சொந்தமாகச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். வகுப்பு முடிந்து திருப்பலிக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு அந்த நான்கு சொல்லைக் கற்றுக்கொடுப்பேன், மஞ்சள் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்ளச் சொல்வேன். எழுந்தேற்றத்தின்போது திரும்பிப் பார்த்தால் சில உதடுகள் அசையும். சிலது அசையாது. வற்புறுத்துவதில்லை.

ஆள் கூப்பிடுங்கள்

தோமா கட்டடத் தொழிலாளிகளுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் பாதுகாவலர். நீலக் கதையிலிருந்து வந்த பட்டம். நம் தமிழ்த் திருப்பலியில் பின்வரிசையில் நிற்கிற தம்பிகளில் பாதிப் பேர் கட்டடத் தளத்தில் வேலை செய்பவர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு அவர்களில் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டேன். கூப்பிடுவதென்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். அவர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை, தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) நண்பர்கள் காத்திருப்பார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். முதலில் தேநீர் கொடுங்கள், அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி. கூச்சமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். விற்ற கதையையும் சீனிப் பொட்டலத்தையும் பிள்ளைகளே அவருக்குச் சொன்னார்கள். கையில் விலையோடு கப்பலேறிய இடம் வந்ததும் சிரித்துவிட்டார். "நாங்க வெலையக் கட்டிட்டு வந்தோம்க்கா. அவரு வெலைய வாங்கிட்டு வந்திருக்காரு." நான் பதில் சொல்லவில்லை. ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினார் என்றும் கேட்கவில்லை.

பிறகு பிள்ளைகள் தாங்கள் வரைந்த அரண்மனைகளைக் கொண்டுபோய் நீட்டினார்கள். ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழக்கு வாசல் சரி என்றார். மேற்குச் சன்னல், மழை அடிக்கும், மேலே சாரல் மறைப்பு வையுங்க. தெற்கே ரொட்டி அறை என்றதும் நிறுத்திவிட்டார். "தெக்கயா? எங்க ஊருல தென்கிழக்கு மூலைலதான் அடுப்பு வைப்போம்."

பதினோரு பிள்ளைகளும் அழிப்பானைத் தேடினார்கள்.